வெள்ளை ஜாடிக்கு நிழல் போடாத 14 பேர்: ஒரு ஷேடிங் வகுப்பின் நிகழ்வு ஆய்வு

என் ஷேடிங் வகுப்பின் நான்காவது வாரம் முடிந்ததும் 14 மாணவர்களின் ஓவியங்களையும் சுவரில் வரிசையாகக் குத்திவிட்டு, பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தேன். கையில் வைத்துப் பார்த்தபோது ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருந்தது. பென்சில் வேலை சுத்தம், மேடு பள்ளம் இல்லாத நிரப்பல், சிலருடையது பட்டு மாதிரி. பத்தடி தள்ளிப் பார்த்தால் 14 சாம்பல் செவ்வகங்கள். எது ஜாடி, எது பெட்டி, விளக்கு எந்தப் பக்கம் இருந்தது, எதுவும் புரியவில்லை.

இவர்கள் முதல் வாரத்திலேயே வெள்ளையிலிருந்து கருப்பு வரை ஒன்பது கட்டம் கொண்ட டோன் அளவுகோலை அழகாகப் போட்டவர்கள். இரண்டாம் வாரம் பந்து, மூன்றாம் வாரம் உருளையும் கூம்பும். எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். நான்காம் வாரம் மேசையில் உண்மையான பொருள்களை வைத்ததும் எல்லாம் கலைந்துபோனது. ஒருவருக்குச் சரியாக வரவில்லை என்றால் அது அவருடைய பயிற்சிக் குறை. 14 பேருக்கும் ஒரே மாதிரி தவறினால் அது ஆசிரியரின் தவறு. அந்தத் தவறு எங்கே என்று தேடிய கதைதான் இது.

மேசையில் இருந்தவை நான்கு: பளபளப்பில்லாத வெள்ளைப் பீங்கான் ஜாடி, கருநீல வண்ணம் பூசிய மரப்பெட்டி, வெள்ளைப் பந்து, அடியில் விரித்த சாம்பல் துணி. இடப்பக்கம் ஒரு மேசை விளக்கு. மூன்று மணி நேரம், ஏ3 தாள், எச்பி, 2பி பென்சில்கள். மாணவர்கள் எல்லோரும் புதியவர்கள். பள்ளி முடித்தவர்களும் உண்டு, பணி ஓய்வு பெற்றவர்களும் உண்டு.

சுவரில் தெரிந்தது

டோன் என்று நான் சொல்வது, ஓர் இடம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்ற அளவை. நிறம் அதில் கணக்கில்லை. சிவப்பும் பச்சையும் ஒரே டோனில் இருக்கலாம். ஒரே வெள்ளை ஜாடிக்குள் ஐந்தாறு டோன் இருக்கலாம்.

சாம்பல் அட்டை ஒன்றில் இரண்டு சிறு துளைகள் போட்டு, அதை மேசைக்கு முன்னால் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தேன். ஒரு துளை வழியாக ஜாடியின் நிழல் பக்கம், இன்னொன்றின் வழியாக மரப்பெட்டியின் வெளிச்சப் பக்கம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். எனக்கே ஒரு நொடி நம்ப முடியவில்லை. அதே அட்டையைப் பிறகு ஓவியங்கள்மீது வைத்தேன். ஒருவர்கூட அந்த இரண்டின் டோனையும் பக்கத்தில் கொண்டுவரவில்லை. எல்லோருடைய தாளிலும் ஜாடியின் நிழல் லேசான பனிமூட்டம் போல, பெட்டியின் வெளிச்சப் பக்கம் அதைவிடப் பல படி கருப்பாக.

இரண்டாவது பொதுக் குறை, ஒருவருடைய தாளிலும் உண்மையான கருப்பு இல்லை. பெட்டிக்கும் துணிக்கும் இடையே இருந்த இடுக்கு நேரில் குகை மாதிரி இருந்தது. ஓவியங்களில் அது துணியைவிட ஓரிரண்டு படிதான் கருப்பு. மூன்றாவது, பொருளைச் சுற்றி அழுத்தமான வெளிக்கோடு. பல தாள்களில் இருப்பதிலேயே கருப்பான இடம் அந்தக் கோடுதான்.

அவர்கள் சொன்ன காரணங்கள்

அடுத்த வாரம் வகுப்புக்கு முன்னால் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துப் பேசினேன். திட்டுவதற்கு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், அப்போதுதான் வாய் திறப்பார்கள். ஒரு மாணவியிடம் ஜாடியின் வலப்பக்கத்தைக் காட்டி, "இங்க ஏம்மா இவ்வளவு லேசா விட்ட?" என்று கேட்டேன். "ஜாடி வெள்ளைதானே சார், அதுக்கு மேல போட்டா அழுக்கு ஜாடி மாதிரி ஆயிடும்" என்றாள். மூன்று மணி நேரம் அந்த ஜாடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள் அவள். பார்த்தது ஜாடியை, வரைந்தது ஜாடியைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை.

இதில் அவளைக் குறை சொல்ல முடியாது. கண்ணும் மூளையும் அதற்காகவே பழகியவை. வெளிச்சம் மாறினாலும் பொருளின் சொந்த நிறம் மாறாமல் தெரிய வேண்டும் என்று மூளை நிழலைக் கழித்துவிட்டுத்தான் நமக்குக் காட்டுகிறது. 1995இல் பார்வை ஆய்வாளர் எட்வர்ட் அடெல்சன் செய்த சதுரங்கப் பலகைப் படம் இதற்கு நல்ல சாட்சி. பலகைமேல் ஓர் உருளை நிற்கும். அதன் நிழல் சில கட்டங்கள்மேல் விழும். நிழலுக்கு வெளியே உள்ள ஒரு கருங்கட்டமும் நிழலுக்குள் உள்ள ஒரு வெண்கட்டமும் அச்சில் ஒரே சாம்பல். என்ன சொன்னாலும் கண் ஒத்துக்கொள்ளாது. அச்செடுத்துக் கொடுத்து, அந்த இரண்டு கட்டங்களை மட்டும் விட்டு மீதியை மறைக்கச் சொன்னேன். இரண்டு பேர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது தந்திரம் இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

பணி ஓய்வு பெற்ற ஒருவர் வேறொன்று சொன்னார்: "கருப்பாப் போட்டுட்டா அப்புறம் அழிக்க வராது சார். லேசா இருந்தா எப்ப வேணாலும் ஏத்திக்கலாம்." நியாயமான பேச்சு. ஆனால் ஏற்றிக்கொள்ளும் அந்த நேரம் வருவதே இல்லை. அவர் அழுத்தியிருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது, ஏனென்றால் நான் கொடுத்த பட்டியலில் எச்பியும் 2பியும் மட்டும்தான். 1795இல் பிரெஞ்சுக்காரரான கோன்தே கிராஃபைட் தூளையும் களிமண்ணையும் கலந்து சுடும் முறையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து பென்சிலின் கணக்கு இதுதான்: களிமண் கூடினால் கடினம், வெளிர், கிராஃபைட் கூடினால் மென்மை, கருப்பு. எச்பியை எவ்வளவு அழுத்தினாலும் ஓர் எல்லைக்கு மேல் கருக்காது, தாள்தான் பளபளக்கும். தாளும் அமுங்கி, அதற்குமேல் எதுவும் ஒட்டாமல் போய்விடும். புதியவர்களுக்கு எதற்கு நிறைய பென்சில் என்று நான்தான் குறைத்திருந்தேன். அது சிக்கனம் இல்லை, தப்புக் கணக்கு.

இன்னொன்று, கூரையில் இருந்த டியூப்லைட்டுகள். மேசை விளக்கு ஒரு நிழல் போட்டது, டியூப்லைட்டுகள் வேறு நான்கு மங்கல் நிழல்கள் போட்டன. அவற்றை அணைக்க நான் மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் அணைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. தாளில் வெளிச்சம் வேண்டுமே என்று விட்டுவிட்டேன்.

பந்து வரையும் பாடத்தில் இருந்த பொய்

எல்லோரும் நன்றாகப் போட்ட பந்துகளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் வெள்ளை, அங்கிருந்து சீராகக் கருத்துக்கொண்டே போய் மறு ஓரத்தில் கருப்பு. முதல் வாரம் போட்ட அளவுகோலை வளைத்து ஒட்டிய மாதிரி. நான் அதற்குத்தான் மதிப்பெண் போட்டிருந்தேன்.

ஆனால் பந்தின்மேல் ஒளி அப்படி விழுவதில்லை. 1760இல் கணித அறிஞர் யோகான் லாம்பர்ட் எழுதிய விதிப்படி, பளபளப்பில்லாத ஒரு பரப்பு ஒளியைப் பார்த்து நேராக இருந்தால் முழு வெளிச்சம். சாயச் சாய அந்தக் கோணத்தின் கொசைன் அளவுக்குக் குறையும். 30 டிகிரி சாய்ந்தாலும் 87 சதவீதம் இருக்கும். 60 டிகிரியில் பாதி. 90இல் ஒன்றுமில்லை. அதாவது முதல் 30 டிகிரியில் இழப்பது மிகக் கொஞ்சம், கடைசி 30 டிகிரியில் பாதி வெளிச்சமும் போய்விடுகிறது. இதோடு கண்ணின் கணக்கும் சேர்கிறது. கருப்புக்கும் வெள்ளைக்கும் நட்டநடு என்று நமக்குத் தோன்றும் சாம்பல், தன்மேல் விழும் ஒளியில் சுமார் 20 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. கருப்பை 0, வெள்ளையை 10 என்று வைக்கும் மன்செல் அளவுகோலில் 5 என்று குறிப்பது இதைத்தான். கூட்டிப் பார்த்தால், வேறு ஒளி கலக்காத வெள்ளைப் பந்தில் நடுச் சாம்பல் வருவது ஏறக்குறைய 78 டிகிரி சாய்வில், நிழல் தொடங்கும் எல்லைக்குப் பக்கத்தில்.

வகுப்பில் இந்தக் கணக்கை நான் சொல்வதில்லை. வரைபவருக்கு வேண்டியது அதன் விளைவு மட்டும்: வெளிச்சப் பக்கம் நினைப்பதைவிட அகலம், அதற்குள் மாற்றம் நினைப்பதைவிடக் குறைவு, நிழலுக்குள் இறங்கும் சரிவு நினைப்பதைவிடச் செங்குத்து. சீராகத் தேய்த்துக்கொண்டே போனால் பந்து உருண்டையாக வராது, புகைபிடித்த தட்டு மாதிரி வரும். சீரான தேய்ப்பைத்தான் நான் இரண்டாம் வாரத்திலிருந்து பாராட்டிக்கொண்டிருந்தேன். காகிதத்தைச் சுருட்டிச் செய்த ஸ்டம்ப் என்ற தேய்ப்புக்குச்சியை அதே வாரம் கையில் கொடுத்தவனும் நானே. அது கைக்கு வந்ததும் யாரும் பார்ப்பதில்லை, தேய்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

மாற்றிச் செய்தது

ஐந்தாம் வாரம் டியூப்லைட்டுகளை அணைத்தேன். ஒரே விளக்கு, ஒரே நிழல். மேசையில் வெள்ளைப் பொருள்கள் மட்டும்: காகிதப் பெட்டிகள், பந்து, அதே ஜாடி, அடியில் வெள்ளைத் தாள். தேய்ப்புக்குச்சிகளைத் திரும்ப வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இன்னும் கருப்பான 4பியும் 6பியும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன்.

வேலை இவ்வளவுதான்: இரண்டே டோன். தாளின் வெள்ளை ஒன்று, நடுத்தரச் சாம்பல் ஒன்று. கண்ணைப் பாதி மூடி இமைகளுக்கு இடையே பார்த்தால் சில்லறை விவரங்கள் மங்கி, நிழல் ஒரு பெரிய உருவமாகச் சேர்ந்துவிடும். அந்த உருவத்தின் எல்லையை வரைந்து உள்ளே தட்டையாக நிரப்ப வேண்டும். படிப்படியாக மாறுவது எதுவும் கூடாது. ஒவ்வோர் இடத்தையும் பார்த்து "இங்கே விளக்கின் ஒளி நேராக விழுகிறதா, இல்லையா" என்று மட்டும் கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.

முதலில் முணுமுணுப்பு. குழந்தைகள் வண்ணமடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள். முக்கால் மணி நேரத்தில் தாள்களைச் சுவரில் வைத்தேன். பத்தடி தள்ளி நின்றால் ஒவ்வொன்றிலும் விளக்கு எங்கே இருந்தது என்று சொல்ல முடிந்தது. பொருள்களுக்கு எடை வந்திருந்தது. பந்து பந்தாக இருந்தது, அதில் ஒரு தேய்ப்புகூட இல்லாமல். முணுமுணுத்தவர்களே கிட்டேயும் தூரத்திலும் போய்ப் போய்ப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் மூன்றாவது டோன் சேர்ந்தது, பொருள் தரையைத் தொடும் இடுக்குகளின் கருப்பு. அதற்குப் பிறகுதான் ஒளிக்கும் நிழலுக்கும் நடுவில் உள்ள சரிவு, நிழலுக்குள் தெரியும் எதிரொளி எல்லாம்.

எதிரொளி ஒரு தனித் தலைவலி. நிழல் பக்கத்தின் ஓரத்தில், அடியில் விரித்த தாளிலிருந்து திரும்பும் ஒளி மெல்லிய விளிம்பாகத் தெரியும். அதைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் எல்லோரும் அதை வெள்ளையாக்கிவிடுவார்கள். பொருள் உடனே தகரம் மாதிரி ஆகிவிடும். இதற்கு நான் பிறை நிலாவைத்தான் துணைக்கு அழைப்பேன். பிறைக்குள் நிலாவின் இருட்டுப் பகுதி மங்கலாகத் தெரியுமே, அது பூமியிலிருந்து திரும்பிப் போன சூரிய ஒளி. அதற்குச் சரியான காரணம் சொன்னவர்களில் ஒருவர் லியோனார்டோ டா வின்சி என்ற ஓவியர் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு. அந்த மங்கல் ஒளி எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் பிறையோடு போட்டி போடுகிறதா? ஜாடியிலும் அப்படித்தான். இதைச் சொன்ன பிறகு பாதிப் பேர் சரிசெய்துகொண்டார்கள், மீதிப் பேருக்கு அட்டைத் துளைகளைக் கொடுக்க வேண்டியிருந்தது.

கருப்புக்குப் பயந்தவர்களுக்கு வேறு வழி எடுத்தேன். தாள் முழுக்கக் கரிக்கட்டியைத் தேய்த்துத் துணியால் பரப்பி, நடுச் சாம்பலாக்கிவிட்டு, வெளிச்சங்களை ரப்பரால் எடுக்கச் சொன்னேன். இருட்டு ஏற்கெனவே தாளில் இருக்கிறது. இனி வேலை வெளிச்சத்தைத் தேடுவதுதான். அழிக்க முடியாதே என்று கவலைப்பட்ட பெரியவருக்கு அன்று முழுக்க அழிப்பதே வேலை. அவர் கரியை எடுத்து இடுக்குகளில் அழுத்தியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வகுப்பறை முழுக்கத் தூள், யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அதற்காக இந்தப் பயிற்சியை நிறுத்தப் போவதில்லை.

நான் சொன்ன விதி உடைந்த இடம்

ஏழாம் வாரம் கருநீலப் பெட்டியை மேசைக்குத் திரும்பக் கொண்டுவந்தேன். அதற்குள் நான் ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொல்லி வைத்திருந்தேன்: நிழலில் உள்ள மிக வெளிச்சமான இடம்கூட, ஒளியில் உள்ள மிகக் கருத்த இடத்தைவிட இருட்டாகத்தான் இருக்கும். வாத்தியார்கள் வழிவழியாகச் சொல்லிவருவது, நானும் அப்படிக் கேட்டுத்தான் கற்றேன்.

ஓர் இளைஞன் அட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சார், பெட்டியோட வெளிச்சப் பக்கமும் ஜாடியோட நிழலும் ஒண்ணாத்தானே இருக்கு. அப்போ விதிப்படி எது தப்பு?"

எதுவும் தப்பில்லை, விதியை நான் அரைகுறையாகச் சொன்னதுதான் தப்பு. அது ஒரே நிறமுள்ள ஒரு பொருளுக்குள் மட்டும் பொருந்தும். வெள்ளை ஜாடியின் நிழலை வெள்ளை ஜாடியின் ஒளியோடு ஒப்பிடலாம். கருநீலப் பெட்டி உள்ளே வந்ததும் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. பொருள் தானாகவே எவ்வளவு கருப்பு என்பது ஒன்று. அதன்மேல் எவ்வளவு ஒளி விழுகிறது என்பது இன்னொன்று. தாளில் வைக்க வேண்டிய டோன் இரண்டும் சேர்ந்த விடை. நான்காம் வாரம் நான் செய்தது, இரண்டாவது கேள்வியைத் தனியாகப் பார்த்திராதவர்களிடம் இரண்டையும் ஒரே மேசையில் ஒன்றாக வைத்துக் கேட்டது. அவர்கள் தங்களுக்குத் தெரிந்த கேள்விக்கு மட்டும் விடை எழுதினார்கள்: ஜாடி வெள்ளை, பெட்டி கருப்பு. என்னைப் பொறுத்தவரை முழு நிகழ்வின் முடிச்சும் அங்கேதான் இருந்தது. பென்சிலும் டியூப்லைட்டும் அதைப் பெரிதாக்கின, அவ்வளவே.

அதனால் ஏழாம் வாரம் முழுக்க அளவெடுப்பதுதான். வரைவதற்கு முன் மேசையில் இருப்பதிலேயே கருப்பான இடம் எது, வெளிச்சமான இடம் எது என்று முடிவெடுத்து, தாளின் ஓரத்தில் குறிக்க வேண்டும். மற்ற எல்லா இடங்களையும் அந்த இரண்டுக்கும் நடுவில் வரிசைப்படுத்த வேண்டும். நேரில் உள்ள வெளிச்ச வேறுபாடு முழுவதும் தாளில் அடங்காது. நல்ல வெள்ளைத் தாள் தன்மேல் விழும் ஒளியில் 80, 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். பென்சிலின் கடைசிக் கருப்பும் பளபளப்பால் கொஞ்சம் திருப்பி அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். விளக்கின் கீழ் இருக்கும் ஜாடிக்கும் பெட்டியடி இருட்டுக்கும் உள்ள இடைவெளி அதைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே அப்படியே நகலெடுக்க முடியாது. வரிசை தவறாமல் சுருக்கத்தான் முடியும்.

சிலர் கைபேசியில் கருப்பு வெள்ளைப் படம் எடுத்து அதைப் பார்த்து வரையலாமா என்று கேட்டார்கள். மேசையைப் படமெடுக்க வேண்டாம் என்றேன். கைபேசி தானாகவே நிழலைத் தூக்கி, வெளிச்சத்தை இறக்கிக் கொடுக்கிறது. மூளை செய்யும் அதே வேலையை அதுவும் செய்கிறது. தங்கள் ஓவியத்தைப் படமெடுத்து, விரல்நக அளவுக்குச் சுருக்கிப் பார்க்க அனுமதித்தேன். பத்தடி தள்ளி நிற்பதற்கு அது நல்ல மாற்று.

எட்டாம் வாரம்

நான்காம் வாரத்தின் அதே நான்கு பொருள்கள், தரையில் குறித்து வைத்திருந்த அதே இடங்கள், அதே மூன்று மணி நேரம். விளக்கு ஒன்று, பென்சில் நான்கு. ஆக, இது சுத்தமான சோதனை இல்லை. பல விஷயங்களை ஒரே நேரத்தில் மாற்றியிருந்தேன், நடுவில் நான்கு வாரப் பழக்கமும் சேர்ந்திருந்தது. எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

14 பேரில் 11 பேருடைய தாளில் ஜாடியின் நிழலும் பெட்டியின் ஒளிப்பக்கமும் அட்டைத் துளை வழியாக ஒன்றுக்கொன்று அருகில் வந்திருந்தன. மீதி மூன்று பேர் நிழலை நன்றாக இறக்கியிருந்தார்கள், ஆனால் துணியையும் அதே அளவுக்கு இறக்கிவிட்டார்கள்; மறுபடியும் எல்லாம் ஒரே சாம்பல், இந்த முறை கருஞ்சாம்பல். கருப்புக்குப் பயம் போன பிறகு வரும் அடுத்த நோய் இது, ஓரிரு மாதம் இருக்கும். பென்சில் வேலையின் சுத்தம் பொதுவாகக் குறைந்திருந்தது. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

அந்த 11 பேரில் ஒருவன், நான் முதல் நாளிலிருந்து ரசித்த கை. ஒரே இழுப்பில் ஜாடியின் வளைவைப் போடுவான். எட்டாம் வார ஓவியத்தில் டோன் எல்லாம் சரி, அந்தக் கோடு செத்துப்போயிருந்தது. கோட்டை மட்டுமே நம்பி உருவத்துக்கு உயிர் கொடுத்த ஓவிய மரபுகள் உலகில் எத்தனையோ உண்டு. வெளிக்கோட்டைக் கைவிடு என்று எல்லோருக்கும் சொன்னபோது அவனுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். கடைசி இரண்டு வாரங்கள் அவனை மைப் பேனாவுக்கு மாற்றினேன். கோடு, அதோடு நிழல் உருவத்துக்கு மட்டும் ஒரு தட்டைக் கருப்பு, நடுவில் எதுவும் வேண்டாம். அது அவனுக்குப் பொருந்தியது. மற்றவர்களுக்கும் முதல் வாரத்திலேயே அதைக் கொடுத்திருக்கலாமோ என்று இப்போது யோசிக்கிறேன். அடுத்த வகுப்பில் ஒன்பது கட்ட அளவுகோல் ஆறாம் வாரத்துக்குப் போகிறது, தேய்ப்புக்குச்சி பட்டியலிலேயே இல்லை.

எட்டாம் வார ஓவியங்களைச் சுவரில் வைத்தபோது நடந்தது ஒன்று. ஜாடி அழுக்காகிவிடும் என்றாளே, அந்த மாணவியின் தாளில் ஜாடியின் வலது கீழ்ப்பக்கம் அப்படியே பின்னால் இருந்த துணியின் இருட்டோடு கலந்திருந்தது. எல்லை இல்லை. பக்கத்தில் இருந்தவள், "ஏய், ஜாடி முடியற இடத்துல கோடு போட மறந்துட்டியா?" என்று கேட்டாள்.

"மறக்கல. அந்த இடத்துல எனக்குக் கோடு தெரியல" என்றாள்.